வீட்டு நத்தார் மரத்தை மேனுவலில் படம் எடுத்த நாலு இரவுகள்

ஒவ்வொரு நத்தாருக்கும் அம்மா என்னிடம் கேட்பது ஒன்றுதான். மரத்தை ஒரு படம் எடுத்துத் தா, ஆனால் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். பிரின்ற் போட்டு கனடாவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அனுப்ப ஒன்று, வீட்டில் வைக்க ஒன்று. மூன்று வருடமாக நான் கொடுத்த எதுவும் அப்படி வரவில்லை. பிளாஷ் அடித்தால் மரம் பகலில் நிற்பது போலப் பச்சையாகத் தெரியும், லைற் எரிகிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. பிளாஷை நிற்பாட்டிவிட்டு ஆட்டோவில் எடுத்தால் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் வெறும் வெள்ளைப் பொட்டுகளாகிவிடும். போனில் எடுத்தால் பிழை சொல்ல முடியாத அளவுக்குத் தெளிவாக வரும், ஆனால் அறையின் இருட்டையும் சேர்த்து அது வெளிச்சமாக்கிவிடும். இருட்டு இல்லாவிட்டால் லைற் எரிந்து என்ன பயன்?

இந்த முறை டிசம்பர் 20 தொடக்கம் 23 வரை நாலு இரவும் இதற்கென்றே ஒதுக்கினேன். என்ன செய்தேன், எது பிழைத்தது, எந்த செற்றிங்கில் கடைசியில் நின்றேன் என்று எழுதிவைக்கிறேன், வீட்டில் ஒரு கெமராவும் ட்ரைபொட்டும் உள்ள எவரும் இதைச் செய்யலாம்.

முதலில் சாமான்கள். வீடு யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பக்கம், பழைய வீடு, சிவப்புச் சீமெந்து நிலம். மரம் ஆறடிச் சவுக்கு, மண்ணும் கல்லும் நிரப்பிய பெயின்ற் வாளியில் நட்டது. லைற் மாலை இரண்டு, ஒவ்வொன்றிலும் 100 எல்ஈடி, ஒன்று மஞ்சள் கலந்த வெள்ளை, மற்றது பல நிறம். கெமரா பழைய கனன் 600டி, அதனோடு வந்த 18-55 லென்ஸ், பிறகு வாங்கிய 50 எம்எம் 1.8.

சவுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆட்கள் எழுதுகிற குறிப்புகள் எல்லாம் ஊசியிலை அடர்ந்த தடித்த மரத்துக்கானவை. எங்கள் காரைநகர்க் கடற்கரைக்கே பெயர் கொடுத்த இந்த மரத்தில் ஊசி மாதிரித் தெரிவது இலையே இல்லை, மெல்லிய சின்னக் கிளைகள்தான், உண்மையான இலை அதன் கணுக்களில் கண்ணுக்குப் பட்டும் படாமலும் செதில் போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் படம் எடுப்பவனுக்கு ஒரு நன்மையும் ஒரு கரைச்சலும் உண்டு. நன்மை, மரம் ஐதாக இருப்பதால் உள்ளே தண்டோடு சுற்றிய லைற்றும் வெளியே தெரியும், படத்தில் மரத்துக்கு ஒரு ஆழம் கிடைக்கும். ஆகவே மாலையை வெளி விளிம்பில் மட்டும் சுற்றாமல், தண்டிலிருந்து கிளை நுனிக்குப் போய்த் திரும்பத் தண்டுக்கு வந்து சுற்றினேன். கரைச்சல், மூச்சு விட்டாலே ஆடும்.

அந்த ஆட்டம் முதல் இரவே மாட்டிவிட்டது. மேனுவலில், அதாவது எல்லா எண்ணையும் நானே வைக்கிற முறையில், ஐஎஸ்ஓ (கெமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) 100, எஃப் (லென்ஸின் துவார அளவு, எண் கூடினால் துவாரம் சின்னதாகும்) 8 என்று வைத்துவிட்டு, வெளிச்சம் உள்ளே வரத் திறந்திருக்கிற ஷட்டர் நேரத்தை மட்டும் அரை செக்கன், 1, 2, 4, 8 என்று கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சத்தை அளக்கிற கெமராவின் மீற்றர் காட்டுவதை நான் பார்க்கவில்லை. அது பெரிய இருட்டறையைப் பார்த்து, இன்னும் வெளிச்சம் வேண்டும் என்றுதான் சொல்லும், அதைக் கேட்டுத்தான் ஆட்டோ ஒவ்வொரு வருடமும் லைற்றை வெள்ளையாக்கியது. அரை செக்கனில் லைற் புள்ளிகள் மட்டும், மரம் இல்லை. 2 செக்கனில் ஒவ்வொரு குமிழின் நிறமும் இருந்தது, அதைச் சுற்றியுள்ள பச்சையும் கொஞ்சம் தெரிந்தது. 8 செக்கனில் மரம் முழுக்கத் தெரிந்தது, நிறம் போய்விட்டது. அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தால் 2 செக்கன் படத்திலேயே கிளை நுனிகள் எல்லாம் புகை மாதிரி. மேலே காற்றாடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்பாட்டினேன், யன்னலையும் சாத்தினேன், ஒரு நிமிடம் பொறுத்து எடுத்ததில் ஒவ்வொரு நுனியும் தனித்தனியாக வந்தது. கெமராவின் தோள்வாரையும் கழற்றி வையுங்கள், அது ஊஞ்சல் மாதிரி ஆடி ட்ரைபொட்டை அசைக்கும். லென்ஸில் இருக்கிற அசைவு தடுக்கும் பொத்தானையும் ட்ரைபொட்டில் வைக்கும்போது அணைத்துவிட வேண்டும். படத்தை அமுக்க 2 செக்கன் ரைமர் போதும், தனி ரிமோட் தேவையில்லை.

ஃபோகஸ் ஆட்டோவில் நிற்கவில்லை, இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டேயிருந்தது. லைவ் வியூவில், அதாவது கெமராவின் பின்திரையில் நேரடியாகப் பார்த்து, 10 மடங்கு பெரிதாக்கி, கையால் திருப்பி, மரத்தின் முன்பக்கத்தில் தொங்குகிற ஒரு பந்தின் கழுத்தில் வைத்தேன். குமிழிலேயே வைக்கலாம், ஆனால் அதைச் சுற்றிய ஒளி கண்ணை ஏமாற்றும். அப்படித்தான் செய்வீர்கள் என்றால் ஒளிப்புள்ளி எப்போது ஆகச் சின்னதாகிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு அந்த வளையத்தைத் தொடவே கூடாது.

நிறம் ஏன் போகிறது என்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கெமராவில் சாதாரணமாகத் தெரிகிற ஹிஸ்டோகிராம் (இருட்டை இடது பக்கமும் வெளிச்சத்தை வலது பக்கமும் காட்டுகிற வரைபடம்) மொத்த வெளிச்சத்தை மட்டும்தான் காட்டும், அதில் எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறதற்கு மாற்றிப் பார்த்தபோது நீலம் மட்டும் வலது சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. நீல எல்ஈடி கிட்டத்தட்ட நீலத்தைத் தவிர வேறொன்றும் தராது, ஆகவே அந்த ஒரு வாய்க்கால் மட்டும் நிரம்பி வழியும், மற்ற இரண்டும் காய்ந்து கிடக்கும், மொத்தத்தைப் பார்த்தால் தண்ணீர் அளவாகத்தான் தெரியும். சிவப்பும் அப்படியே. இன்னும் கூட்டினால் மற்ற வாய்க்கால்களும் நிரம்பி வெள்ளையாகிவிடும். பல நிற மாலை உள்ள எவரும் இந்த மூன்று கோட்டையும் பார்க்காமல் எடுக்கக் கூடாது என்பது என் முடிவு. குமிழின் நடுப்பொட்டு வெள்ளையாவதைத் தடுக்க முடியாது, அது பரவாயில்லை. குமிழைச் சுற்றிக் கிளையில் விழுகிற நிறம் தப்ப வேண்டும், மரம் அழகாகத் தெரிவது அந்த நிறத்தால்தான்.

மினுக்கல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த மாலைகளோடு வருகிற சின்னப் பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும், அமுக்க அமுக்க 8 விதமாக எரியும், 8-ஆவது எப்போதும் விடாமல் எரிகிற விதம். அதில் வையுங்கள். வேறு விதத்தில் வைத்துக் குறைந்த நேரத்தில் எடுத்தால் பாதி மரம் அணைந்திருக்கும். அதோடு எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்ஈடி மாலைகள் அந்தத் தாளத்துக்கு ஏற்ப அணைந்து அணைந்து எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 1/200 செக்கனில் எடுத்தால் சில குமிழ்கள் மங்கலாக, சில பிரகாசமாக வரும். கையில் வைத்து எடுப்பதானாலும் 1/50-ஐ விட வேகமாகப் போக வேண்டாம்.

சரி, முதல் இரவு முடிவில் என்னிடம் இருந்தது எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 2 செக்கன். லைற் வடிவாக இருந்தது. அறை இல்லை. மரத்துக்குப் பின்னால் சுவர் இல்லை, கீழே நிலம் இல்லை, பாலன் குடில் இல்லை, கறுப்புக் கிணற்றுக்குள் ஒரு மரம் மிதப்பது போல இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது எங்கட வீடு மாதிரி இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி.

இரண்டாம் இரவு அறையைக் கொண்டுவரப் பாடுபட்டேன். ஷட்டரைக் கூட்டினால் அறை வருகிறது, லைற் வெளுக்கிறது. துவாரத்தைத் திறந்தாலும் அதே. ஐஎஸ்ஓவைக் கூட்டினாலும் அதே. இரண்டு மணித்தியாலம் மூன்றையும் மாற்றி மாற்றித் திருகிய பிறகுதான் புரிந்தது, இது திருகினால் தீராத விஷயம் என்று. லைற் மாலையும் எரிந்துகொண்டிருக்கிற வெளிச்சம், அறையில் இருப்பதும் எரிந்துகொண்டிருக்கிற வெளிச்சம். கெமராவில் எதைக் கூட்டினாலும் இரண்டும் சேர்ந்தே கூடும், குறைத்தால் சேர்ந்தே குறையும், ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அசையாது. விகிதத்தை மாற்ற வேண்டுமானால் கெமராவை விட்டுவிட்டு அறையைத்தான் மாற்ற வேண்டும். மேனுவல் செற்றிங் என்று எல்லாரும் சொல்லித்தருவது மூன்று எண்களைத்தான், ஆனால் மரப் படத்தில் பாதி வேலை அந்த மூன்றுக்கும் வெளியே கிடக்கிறது, இதை எனக்கு முதலே ஒருவர் சொல்லியிருந்தால் மூன்று வருடம் மிச்சம்.

அறையை மாற்ற முதல் வழி பொழுது. டிசம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பொழுது சாய்வது 6 மணிக்குச் சற்று முன். மரம் யன்னலுக்குப் பக்கத்தில் நிற்பதால் அடுத்த நாள், 22-ஆம் திகதி, 5:45-க்கே ட்ரைபொட்டைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். மழை விட்டு மேகம் மூடிய பின்னேரம். 6 மணிக்கு யன்னல் இன்னும் வெள்ளை, மரத்து லைற் தோற்றுப்போய் நின்றது. 6:08-க்குப் பிறகு வானம் நீலமாக இறங்கத் தொடங்கியது, 6:12 வாக்கில் யன்னலும் லைற்றும் சமமாக நின்றன, சுவரில் ஒரு மெல்லிய நீலம், மரத்தில் பொன் நிறம். 6:20-க்கு எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் பக்கம் பொழுது சட்டென்று விழும், குளிர் நாடுகளில் போல நீண்டு கிடக்காது, ஆகவே ஃபோகஸ், துவாரம், ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் முதலே பூட்டிவிட்டு அந்தப் பத்து நிமிடத்தில் ஷட்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதிலும் ஒரு ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பி அதன் முன்விளக்கு ஒரு படத்தைத் தின்றுவிட்டது.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்கிற வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் டேலைட் என்ற சூரியன் படத்தில் வைத்தேன். ஆட்டோ ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு நிறம் தந்தது. பழைய குண்டு பல்புக்கான டங்ஸ்டனில் வைத்தால் மஞ்சள் மாலை பால் வெள்ளையாகி, யன்னல் மருந்துக்கடைப் பலகை மாதிரிக் கடும் நீலமாகும். டேலைட்டில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். கெமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரா கோப்பாக எடுத்தால் பிறகும் மாற்றலாம், நான் ராவும் ஜேபெக்கும் சேர்த்தே எடுத்தேன்.

அந்தப் பொழுதுப் படம் எனக்குப் பிடித்தது. ஆனால் அம்மா கேட்டது இரவு. சாமப் பூசைக்கு வெளிக்கிடும்போது விறாந்தையிலிருந்து திரும்பிப் பார்த்தால் மரம் எப்படித் தெரியுமோ, அது.

அதே இரவில்தான் இரண்டாவது வழி கிடைத்தது. ஷட்டர் திறந்திருக்கிற முழு நேரமும் மாலை எரிய வேண்டும் என்று யார் சொன்னது? அறைக்கு 15 செக்கன் வேண்டும், மாலைக்கு 2 செக்கன் போதும். ஷட்டரை 15 செக்கன் திறந்து வைத்து, மாலையை முதல் 2 செக்கன் மட்டும் எரியவிட்டு அணைத்துவிட்டால், மாலை தன் அளவுக்கும் அறை தன் அளவுக்கும் படத்தில் பதியும். ஒரே படம், கணினியில் ஒட்டுவேலை எதுவும் இல்லை.

அக்காவின் மகள் லீவுக்கு வந்து நின்றாள், வயது ஒன்பது. எக்ஸ்டென்ஷன் வயரைக் கெமராவுக்குப் பின்னால் இழுத்து, சுவிச் உள்ள பெட்டியை அவள் மடியில் கொடுத்தேன். பக்கத்து அறையில் மேசை லைற்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, கதவை ஒரு சாண் திறந்துவிட்டேன், அந்த மங்கல் வெளிச்சம்தான் அறைக்கு. அதில் போட்டது மஞ்சள் குமிழ், குசினியில் இருக்கிற வெள்ளை எல்ஈடியைப் பாவித்துப் பார்த்தேன், சுவர் நீலம் பாரித்து ஆஸ்பத்திரி போல இருந்தது. ரீவியின் சிவப்புப் பொட்டு, இன்ரநெற் பெட்டியின் பச்சைப் பொட்டு இரண்டிலும் கறுப்பு ரேப் ஒட்டினேன், 15 செக்கனில் அவையும் மரத்தோடு போட்டிக்கு வரும். நுளம்புத் திரியையும் வெளியே வைத்தாயிற்று.

ஷட்டர் சத்தம் கேட்டதும் ஒன்று, இரண்டு எண்ணி அணைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "மாமா, இப்ப நிப்பாட்டட்டோ?" என்று முதல் தடவை கேட்டு முடிக்கவே 4 செக்கன் போய்விட்டது. இரண்டாம் தடவை சரியாக அணைத்தாள். திரையில் படம் வந்தபோது இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். சுவர் இருந்தது. யன்னல் சீலை இருந்தது. பாலன் குடிலின் கிடுகுக் கூரை இருந்தது. லைற்றின் நிறம் ஒன்றும் கெடவில்லை.

ஒரு சிக்கல், மாலையை அணைத்து மறுபடி போட்டால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதல் விதத்துக்கே போய் மினுக்கத் தொடங்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன் பொத்தானை 7 தரம் அமுக்கி 8-ஆவதுக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவேதான் ஆரம்பத்தில் எரியவிட்டு நடுவில் அணைக்க வேண்டும், இருட்டில் தொடங்கி நடுவில் போட முயலக் கூடாது. நீண்ட நேரப் படங்களுக்கு இரைச்சல் (படத்தில் விழுகிற பொடிப் புள்ளிகள்) நீக்குகிற செற்றிங் ஒன்று கெமராவில் உண்டு, அது படம் எடுத்த பிறகு அதே அளவு நேரம் இன்னொரு இருட்டுப் படம் எடுத்து ஒப்பிடும், 15 செக்கனுக்கு மேல் இன்னுமொரு 15. ஐஎஸ்ஓ 100-இல் அது எனக்குத் தேவைப்படவில்லை, அணைத்துவிட்டேன், பிள்ளையும் சலிக்காமல் நின்றாள்.

பல நிற மாலை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, நீலக் கோடு சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. இதற்கு வழி சொன்னது அவள்தான். "மாமா, கலரை மட்டும் முதல் நிப்பாட்டட்டோ?" இரண்டு மாலைக்கும் தனித்தனி சுவிச். ஒன்று எண்ணியதும் கலர், இரண்டு எண்ணியதும் மஞ்சள். 23-ஆம் திகதி இரவு அப்படித்தான் எடுத்தோம், 11 படம், அதில் ஏழாவது. எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 15 செக்கன், கலர் 1 செக்கன், மஞ்சள் 2 செக்கன், டேலைட், 18-55 லென்ஸ் 24 எம்எம்மில். கெமராவை நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்கு இறக்கினேன், அதனால் ஈரத் துணியால் துடைத்துவிட்ட சிவப்புச் சீமெந்தில் மரம் முழுக்கத் தலைகீழாக விழுந்தது. வெள்ளிப் பந்துகளில் என் வெள்ளைச் சேட் தெரிந்ததால் கறுப்புச் சேட்டுக்கு மாறியதையும் சொல்லிவிட வேண்டும், சின்ன விஷயம்தான், ஆனால் பெரிய பிரின்ற்றில் எல்லாப் பந்திலும் ஒரு ஆள் நிற்பார்.

மிச்ச நேரத்தில் விளையாட்டாகச் செய்தவை: எஃப் 16-க்குப் போய் எல்லா நேரத்தையும் நாலு மடங்காக்கினால் ஒவ்வொரு குமிழிலும் நட்சத்திரக் கதிர் வரும். அறைக்கு வேண்டிய 15 செக்கன் 60 ஆகிவிடும், 60 செக்கன் 600டியில் நேரடியாக இல்லை, அதனால் மாலையை மட்டும் நம்பி 8 செக்கனில் எடுத்தேன். கதிரின் எண்ணிக்கை துவாரத்தின் தகடுகளைப் பொறுத்தது. 18-55-இல் 6 தகடு, 6 கதிர். 50 எம்எம்மில் 7 தகடு, ஆனால் 14 கதிர், ஏனென்றால் ஒவ்வொரு விளிம்பும் எதிரெதிராக இரண்டு கதிர் வீசும், இரட்டை எண் என்றால் எதிர் விளிம்பின் கதிரும் அதே இடத்தில் விழுந்து ஒன்றாகிவிடும், ஒற்றை எண்ணில் அப்படி விழாது. எஃப் 22 வேண்டாம், படம் முழுக்க மழுங்குகிறது. எனக்கு 6 கதிர்தான் பிடித்தது, குடிலுக்கு மேல் தொங்குகிற கடுதாசி நட்சத்திரத்தோடு அது ஒத்துப்போகிறது.

ஆளை வைத்து எடுப்பதற்கு 15 செக்கன் முறை சரிவராது, பிள்ளை அசையாமல் இருக்க மாட்டாள். அதற்கு 50 எம்எம், எஃப் 2, 1/50, ஐஎஸ்ஓ 3200, பிளாஷ் இல்லை. அவளை மரத்துக்கு முன்னால் நிறுத்தாமல் பக்கத்தில், கை நீட்டினால் கிளை தொடுகிற தூரத்தில் நிறுத்தி, ஒரு பந்தைக் கட்டச் சொன்னேன். லைற் அவ்வளவு கிட்ட இருந்தால்தான் முகத்தில் வெளிச்சம் விழும், தூரம் இரண்டு மடங்கானாலே வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். கொஞ்சம் இரைச்சல் உண்டு. ஆனாலும் மஞ்சள் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்த அந்தப் படத்தை நான் எந்த பிளாஷ் படத்துக்கும் மாற்ற மாட்டேன்.

24-ஆம் திகதி காலை ரவுணுக்குப் போய் பிரின்ற் போட்டேன். முதல் பிரின்ற் திரையில் பார்த்ததை விட இருண்டு வந்தது, சுவர் மறுபடி கறுப்பு. திரை தானே ஒளிர்கிறது, கடுதாசி ஒளிராது, இரவில் அறை இருட்டில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்தது என் பிழை. ரா கோப்பில் இருண்ட பகுதியை மட்டும் முக்கால் ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கி மறுபடி போட்டதில் சரியாக வந்தது. 8-க்கு 12 அங்குலம், பளபளப்பில்லாத கடுதாசி.

பின்னேரம் அம்மா மாவுக் கையைத் துடைத்துவிட்டு விறாந்தை வாசலில் நின்று படத்தையும் பார்த்தார், உள்ளே மரத்தையும் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். "நிலத்தில விழுகிற வெளிச்சமும் வந்திருக்கு" என்றார். பிறகு, பெரியம்மாவுக்கு இரண்டு போடச் சொன்னார், ஒன்று அவருக்கு, மற்றது அவர் மகளுக்கு.

இனிக் குடில். உள்ளே ஒரு சின்னக் குமிழ், வைக்கோல், கிடுகு, மண் உருவங்கள். இதே சுவிச் முறைதான், குமிழுக்கு அரை செக்கன் போதும் போலிருக்கிறது, ஆனால் அரை செக்கனைக் கையால் எண்ணி அணைக்க முடியாது. எஃப் 16-க்குப் போனால் அது 2 செக்கனாகும். அறைக்கு 60 வேண்டும் என்பதால் கதவை இன்னும் அகலத் திறந்து 30-இல் முடிக்கப் பார்க்கிறேன். மூன்று இராசாக்கள் திருநாள் வரை குடில் இருக்கும், அதற்கிடையில் எடுத்துவிடுவேன்.